குப்புறப் படுத்த கமிட்டி

பறக்கும் இயந்திரம் பறந்ததா இல்லையா என்று தீர்மானிக்க, ஷார்த்ரு வட்டார வான்பயணச் சங்கம் ஒன்பது விதிகள் வைத்திருந்தது. சங்கத்தில் ஒருவரும் அதுவரை பறந்ததில்லை. ஆகையால் விதிகள் குறையில்லாமல் அமைந்துவிட்டன. நான்காவது விதி: சக்கரங்கள் தரையை விட்டு எழும்பியதை உறுப்பினர் இருவர் தரையோடு கண் வைத்து, அதாவது குப்புறப் படுத்து, பார்க்க வேண்டும். ஏழாவது விதி: ஓட்டுபவரின் சொல் சாட்சியாகாது.

1907 அக்டோபரில், சைக்கிள் பழுதுபார்க்கும் அனதோல் இந்த விதிகளுக்கு அடங்கிப் பறந்து காட்ட வேண்டியிருந்தது. இயந்திரத்தின் மரச்சட்டம் அவன் கட்டியது. இறக்கைத் துணி மனைவி மெலானி தைத்தது. என்ஜின் மட்டும் சங்கத்தின் இரவல். இரண்டு வருடம் மேட்டுச் சரிவில் என்ஜின் இல்லாமலே சறுக்கி, இரண்டு விலா எலும்பை முறித்துக்கொண்ட பிறகு கிடைத்தது. இன்று பறந்ததாகச் சான்றிதழ் கிடைத்தால் என்ஜின் இன்னும் ஒரு வருடம் அவனிடம் இருக்கும். இல்லையென்றால் சாயங்காலமே வண்டியேறிப் போய்விடும்.

புல்வெளி முழுக்கக் காலைப் பனி. சங்கத் தலைவர் பரோன் தெ வில்மோர் புதுக் கோட்டில், மார்பில் சிவப்பு நாடாவோடு வந்திருந்தார். செயலாளர் முசியே கூபெர் ஊர் நோட்டரி. பரோன் தும்மினால்கூடப் பதிவு செய்துவிடுவார்.

"படுங்க, கூபெர்," என்றார் பரோன்.

"தலைவர் நிக்கும்போது நான் படுக்கறதா? நல்லாவா இருக்கும்? நீங்க முதல்ல."

"வயசுல நீங்கதான் சின்னவர்."

"பதவியில நீங்கதானே பெரியவர்."

"ஈரமா இருக்கே. ஒரு விரிப்பு போட்டா?"

"விதியில விரிப்பு இல்லையே, பரோன்."

அனதோல் ஏறி உட்கார்ந்து ஓடவிட்டிருந்த என்ஜின் ரொம்பச் சூடேறினால் நின்றுவிடும் குணமுள்ளது. காற்றோ எதிரே நேராக, இதமாக வந்துகொண்டிருந்தது. வாலைப் பிடித்திருந்த மெலானி பொறுமையிழந்தாள்.

"நீ போ! அவங்க படுத்து முடிக்கறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துடும்!" என்று கத்திவிட்டுக் கையை எடுத்தாள்.

இயந்திரம் குதித்துக் குதித்து ஓடியது. அனதோலின் பற்கள் தந்தியடித்தன. திடீரென்று எல்லா ஆட்டமும் நின்றது. என்ஜின் கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தனக்குக் கீழே ஒன்றுமில்லை என்பதை அவன் உடம்பு அறிந்தது. பயப்படக்கூட நேரமில்லை. அதற்குள் தொப்பென்று மறுபடி பூமி.

இறங்கி ஓடிவந்தான். கமிட்டி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது.

"பறந்தேன்!"

"ஏழாவது விதி," என்றார் கூபெர்.

மெலானி புல்லைக் காட்டினாள். பனியில் கோடு கிழித்தது போல் வந்த சக்கரத் தடம் ஓரிடத்தில் அறுந்து, கலையாத பனி மினுங்க, அப்பால் மறுபடி தொடங்கியிருந்தது.

"நடுவுல சக்கரம் எங்க போச்சாம், முசியே? இவர் கழட்டிப் பையில போட்டுக்கிட்டாரா?"

"தடத்தைப் பத்தி விதி ஒண்ணும் சொல்லலை, மதாம்."

அறுந்த தடத்தைப் பார்த்த பரோனுக்கு மட்டும் முகம் சுருங்கியது. "இன்னொரு ஓட்டம். இந்த முறை நான் படுக்கறேன்," என்றார், நாட்டுக்காக உயிரைக் கொடுப்பவர் தோரணையில். படுத்தார். பக்கத்தில் கைக்குட்டையை விரித்துக் கூபெரும் படுத்தார்.

அதற்குள் காற்று செத்துவிட்டது. என்ஜின் இருமியது. இயந்திரம் முதல் தடத்துக்குப் பக்கத்திலேயே வெளி நெடுக ஓடியது. ஒரு மேடு பள்ளம் விடாமல் அனதோலின் எலும்பில் பதிந்தது. வேலியருகே நின்றது.

"கண்டேன்!" புல்லுக்குள்ளிருந்து பரோனின் குரல் வந்தது. "ஓர் ஆள் உயரம்!"

"ஒண்ணரை ஆள்," என்றார் கூபெர். "நூத்தியிருபது தப்படி தூரம்." புல்லில் மூக்குப் புதைந்தவருக்கு எதுவும் உயரம்தான்.

அனதோல் தொப்பியைக் கழற்றினான். என்ஜினை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "இல்லீங்க பரோன். இந்தத் தடவை எழும்பவே இல்லை. தடம் எங்கயும் அறுபடலை பாருங்க."

"ஓட்டறவர் சொல்லு சாட்சியாகாது," என்றார் கூபெர்.

"பறக்கலைன்னு சொன்னாக்கூடவா?"

"விதி ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

கமிட்டியை ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் இருவர் தூக்கி நிறுத்திய பரோன், சேறான கோட்டைக் குனிந்து பார்த்தார். "பறக்காத ஒண்ணுக்காகவா நான் இதுல படுத்தேன்?" என்றார். சான்றிதழ் எழுதி, முத்திரை குத்தி, அனதோலின் கையைக் குலுக்கிவிட்டுக் கமிட்டி சாப்பிடப் போய்விட்டது.

என்ஜின் தங்கிவிட்டது. அனதோலுக்குச் சந்தோஷம் வராமலும் இல்லை. ஆனால் இந்தக் காகிதத்தை நம்பினால், காற்று செத்த நேரத்தில் இருமும் என்ஜினோடு ஓடுவதுதான் பறக்கும் வழி என்றாகிவிடும். அப்புறம் ஆயுள் முழுக்க வேலியில்தான் போய் முட்ட வேண்டும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"மெலானி, வா! பனி காயறதுக்குள்ள!"

அறுந்த இடத்தை இருவரும் நடந்து அளந்தார்கள். பதினோரு தப்படி.

"பேப்பர்ல நூத்தியிருபதுன்னு போட்டிருக்காங்களே," என்றாள் மெலானி.

"அதைச் சுவத்துல மாட்டிடு. நாளைக்கு எதிர்க்காத்து வந்தா, பன்னெண்டு வருதான்னு பார்ப்போம்."