வீராயியின் தடிப்பு

...எனக்கு மட்டும் ஏன் ஒன்றுமே எழும்பவில்லை, மூன்று நாளைக்கு முன் இதே பள்ளிக்கூட வராந்தாவில் இரண்டு பேருக்கும் ஒரே மருந்தைத்தானே குத்தினார்கள், காசநோய்ச் சோதனை என்று எங்கள் குடியிருப்பு பிளாக்கில் ஒருவர் விடாமல், என் கையில் கொசு கடித்த தடம்கூட இல்லை, என் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையை மடித்துவிட்டுக் காட்டுகிறார், இலந்தைப்பழ அகலத்துக்குச் சிவந்து தடித்துக் கிடக்கிறது, ஊசி போடுகிற சங்கரலிங்கம் அளவுகோலை வைத்துப் பார்த்து, "பதினெட்டு மில்லிமீட்டர்" என்கிறார்.

"நோவுங்களா?" கேட்டது நான்தான்.

"நோயின்னு சொல்ல முடியாதும்மா, எதுக்கும் எக்ஸ்ரே எடுத்துருவோம். இந்தக் கிருமிய முன்னாலயே பாத்த வெள்ளை அணு இவர் ரத்தத்துல இருக்கு. மருந்தக் கண்டதும் அது ஏதோ ரசாயனத்தக் கசியவிட்டு மத்த அணுவையெல்லாம் கூப்பிடும். எல்லாம் ஓடியாந்து கூடுறதுதான் இந்த வீக்கம். உங்க ரத்தம் அதப் பாத்ததேயில்ல." பிறகு அவரிடம், "வீட்டுல யாருக்காச்சும் இருந்துச்சா?"

"வீராயிக்கு இருந்துதுங்க. மொத சம்சாரம்."

வீராயி... கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் இன்றுதான் கேட்கிறேன், எனக்கு வெறும் 'இந்தா'தான், செத்து ஆறு வருஷமானவளுக்கு எவ்வளவு மெத்தென்று வருகிறது பெயர், கடைசிவரை அவள் தலைமாட்டைவிட்டு நகரவில்லையாம், மந்தாரக்குப்பம் ஊரே சொல்கிறது, அவள் இருமிய மூச்சு இன்னும் இவருக்குள் குடியிருக்கிறது, அவளுடைய தகரப்பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போட்டேன், வளையல்களைக் குப்பையில் கொட்டினேன், ரத்தத்தில் இருப்பவளை எங்கே கொண்டுபோய்ப் போடுவேன்? நான் செத்தால் இவருக்கு எங்கே வீங்கும்?

"எங்கிட்டேர்ந்து இதுக்கு ஒட்டிக்குங்களா?" என்னைக் காட்டிக் கேட்கிறார், "தட்டு, தம்ளர் எல்லாம் தனியாத்தான் வச்சிகினு இருக்கறன்... படுக்கறதும் வாசநடையில தனிப்பாயிலதாங்க."

"அம்மா கையப் பாருங்க, சுத்தமா இருக்கு."

குனிந்து பார்க்கிறார், ஒரு விரலால் தடவியும் பார்க்கிறார், இவ்வளவு நீளமாக இவர் மூச்சுவிட்டு நான் கேட்டதில்லை... தனித் தம்ளரும் தனிப் பாயும் அவளுக்காக என்றல்லவா நினைத்து நினைத்துப் பொருமினேன், எனக்காகவா? மூன்று வருஷமாகவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"கைய நீட்டுங்கம்மா, வீக்கம் வராதவங்களுக்குத்தான் இந்தத் தடுப்பூசி," நீட்டுகிறேன், நானும் போய்விடுவேனோ என்று பயந்திருக்கிறார், ஆனால் அந்தப் பயத்தையும் இவருக்குள் வைத்துவிட்டுப் போனவள் அவள்தானே... ஊசி இறங்குகிறது, சந்தோஷப்பட வேண்டும் போலத்தான் இருக்கிறது, முழுசாக வரமாட்டேன் என்கிறது.