மூன்று கால் மேசை

நர்சரி டீச்சருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகுதான் குரல் ஏறும். அன்று, துரும்பு என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமியின் அம்மா வாசலில் நின்று விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டும் ஒன்றாகவே நடந்துவிட்டன.

"அஞ்சு வயசுப் பிள்ளையை ஸ்கூல்ல சேர்க்கறதுக்குப் பரீட்சை வச்சு, அதுல ஃபெயில் வேற ஆக்கினாங்களா?"

"மேசைப் படத்தைக் காட்டி எத்தனை காலுன்னு கேட்டாங்களாம். மூணுன்னு சொல்லியிருக்கா. அதோட விடாம அட்டையைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கா. எண்ணத் தெரியலை, அடக்கமா உட்காரத் தெரியலைன்னு எழுதிட்டாங்க." "நீங்க பழக்கினதுதானே டீச்சர்?"

பழக்கியது டீச்சர்தான், மறுக்கவில்லை. கார் நிறுத்தும் இடத்தைத் தடுத்துக் கட்டிய ஒற்றை அறைதான் அவளுடைய நர்சரி. பதினேழு பிள்ளைகள். காலையில் முதல் வேலையாக ஒரு தட்டில் சாவி, பொத்தான், ஸ்பூன் என்று ஏழு பொருட்களைப் பரப்பிக் காட்டுவாள். துண்டால் மூடி, ஒன்றை உருவிவிட்டு, எது காணோம் என்று கேட்பாள். பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். பார்க்காததைச் சொல்வதானால் சுற்றிப்போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஜன்னல் வழியாகத் தெரியும் வேனுக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டால் பிள்ளைகள் இரண்டு என்பார்கள். பிறகு வரிசையாக வெளியே போய் மறுபக்கத்தையும் எண்ணிவிட்டு வந்து நான்கு என்பார்கள். வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் ஒருநாள் கண் விழித்து, இத்தனை பிள்ளைகள் டயரைக் குனிந்து பார்ப்பதைக் கண்டு, பஞ்சர் என்று பதறி இறங்கிவிட்டார். துரும்பு அவரிடம் நிதானமாக, "நாலும் இருக்கு மாமா" என்று சொன்னாள்.

அப்படிப்பட்ட பிள்ளை அட்டையைத் திருப்பாமல் வேறு என்ன செய்வாள்? நாலாவது காலைத் தேடித்தான் திருப்பியிருக்கிறாள்.

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டாள். "கிளம்புங்க, நேரா போய்க் கேப்போம். அவளையும் கூட்டிட்டு வாங்க."

அம்மா தயங்கினாள். சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குச் செக்கிங் வேலை. தையல் விட்டுப்போன இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். தொழிற்சாலை விடும்வரை பிள்ளையை வைத்துக்கொள்ளும் பள்ளி அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். இடம் கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். சண்டை போட்டுக் காரியம் கெட்டுவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

பள்ளியில் அட்மிஷன் அதிகாரி மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். அந்த மரியாதையே டீச்சருக்கு எரிச்சலாக இருந்தது.

"மேடம், மேசைன்னா நாலு கால். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அந்த அட்டையை எடுங்க. நீங்களே எண்ணுங்க."

அவர் எடுத்தார். சிரித்துக்கொண்டே எண்ண ஆரம்பித்தவர் மூன்றோடு நின்றார். "நாலாவது பின்னாடி மறைஞ்சிருக்கு."

"இருக்குன்னு யார் சொன்னா? பார்த்தீங்களா? அதைத் தேடித்தான் இவ அட்டையைத் திருப்பினா. மூளை இருக்கிற பிள்ளைக்கு அடக்கம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. எழுதினவருக்குக் கண் இருக்கான்னு யார் பரீட்சை வைக்கிறது?"

"விடைத்தாள்ல நாலுன்னு இருக்கு மேடம். நான் ஒண்ணும் பண்ண முடியாது." அவர் குரலில் ஒரு சொட்டுக் கோபம்கூட இல்லை. சுவரோடு மல்லுக்கு நிற்பது போல இருந்தது டீச்சருக்கு. "வேணும்னா இன்னொரு வாய்ப்புத் தரேன். இப்பவே கேக்கறேன்."

அம்மா டீச்சரின் கையைப் பிடித்தாள். "நாலுன்னு சொல்லச் சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா கேப்பா."

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டாள். சொல்லவும் மனம் வரவில்லை, சொல்லாதே என்று தடுக்கவும் வாய் வரவில்லை. அம்மாவின் கண்ணீர் அவள் கையில் சொட்டியது.

அதிகாரி அட்டையை நீட்டினார். "பாப்பா, இதுக்கு எத்தனை கால்?"

துரும்பு அட்டையைப் பார்த்தாள். இந்தத் தடவை தொடவில்லை. அதிகாரியின் பேனாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கடைசியாக டீச்சரின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

"நாலு."

"வெரி குட்." அவர் டிக் அடித்தார். "பாத்தீங்களா மேடம், ஒழுங்கா கவனிச்சா தெரியுது."

அந்த வார்த்தைக்கு டீச்சர் அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பாள். அம்மா அதற்குள் அவருக்கு நன்றி சொல்லத் தொடங்கிவிட்டாள், ஒரு முறை அல்ல, ஐந்தாறு முறை. டீச்சர் விருட்டென்று எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

தெருவில் இறங்கியதும் கேட்டுவிட்டாள். "நாலாவது காலை எங்க கண்ணு பாத்த?"

"பாக்கலை டீச்சர். மூணுதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் நாலுன்னு சொன்ன? அம்மா அழுதாங்கன்னா?"

"அம்மா அழுதாங்க." துரும்பு கொஞ்சம் யோசித்தாள். "ஆனா நீங்களும் நாலுன்னு சொல்லணும்னு நினைச்சீங்க. உங்க மூஞ்சில இருந்துச்சு."

இல்லை என்று சொல்ல டீச்சர் வாயைத் திறந்தாள். பிள்ளை அவள் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து யார் யார் மீதோ பாய்ந்துகொண்டிருந்த கோபம் சுற்றி வந்து அவள் மீதே விழுந்தது.

"ஆமா கண்ணு, நினைச்சேன்," என்றாள். தன் முகத்தில் பார்த்ததைத்தான் பிள்ளை சொல்லியிருந்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை.