ஒரு சிட்டிகை மஞ்சளும் களிமண் எரிமலையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது வயிற்றெரிச்சலில். எதிர்வீட்டுப் பாப்பாவுக்குக் கடையிலிருந்து ஒரு எரிமலை வாங்கி வந்தார்கள். பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் மலை, அளந்து கட்டிய பொட்டலங்கள். கையில் மண்ணே ஒட்டாமல் பத்து நிமிஷத்தில் பொங்கி அடங்கிவிட்டது. அடச்சே, இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. அன்றைக்கே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

எரிமலை செய்முறை சொல்ல வரவில்லை. 2009இல், பதிமூன்று வயது சுவேதா தன் அம்மாவின் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைத் தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். அதை அம்மா பெயருக்கே திருப்பி எழுதியாக வேண்டும். இந்தக் கதைக்கு வேறு வேலை கிடையாது.

(சுவேதா நான்தான். ‘நான்’ என்று எழுதினால் இரண்டாவது வரியிலேயே என்மேல் எனக்குப் பரிதாபம் வந்துவிடுகிறது. அதனால் ‘அவள்’.)

2

முதல் தொடக்கம்: ‘ஆடி மாதக் காலையில் கெடிலம் ஆற்றின் மேல் இளங்கதிர்கள்…’ அடித்தாயிற்று. சுவேதா கதிரை எங்கே பார்த்தாள்? களிமண் கிடைக்குமா என்று குனிந்தபடியே நடந்தாள்.

இரண்டாவது: ‘பூமியின் ஆழத்தில் கொதிக்கும் பாறைக்குழம்பு…’ இது எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகம். இதையும் அடித்தாயிற்று.

மூன்றாவது, இருக்கட்டும்: திருப்பாதிரிப்புலியூரில், கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒண்டுக்குடித்தன வீட்டில், சுவேதா காலி டானிக் பாட்டிலைச் சுற்றிப் பழைய பேப்பரைக் கசக்கி வைத்துக் களிமண் அப்பினாள். இரண்டு நாளில் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. மைதா பசை காய்ச்சிப் பூசி, மறுபடி அப்பினாள். நகக்கண்ணெல்லாம் மண். சோற்றைப் பிசைந்தால் ஆற்று வாசனை அடித்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

பாட்டிலுக்குள் ஆப்ப சோடா, அதோடு ஒரு பாக்கெட் ஷாம்பு, கொஞ்சம் தண்ணீர். மேலே ஊற்ற வினிகர் வேண்டும். கடைத்தெருவில் கேட்டதற்கு, “அதெல்லாம் ஃப்ரைடு ரைஸ் போடுறவன் வாங்குறதும்மா” என்று அனுப்பிவிட்டார்கள். ஆகவே பன்னிரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறு. அதில் கலக்கக் கேசரிப் பவுடர், எரிமலைக்குழம்பு சிவப்பாக வர வேண்டுமே.

மலைக்கு அடியில் வைக்கப் பலகை இல்லை. அம்மா பூஜைக்கு வைத்திருந்த மனைப்பலகையை எடுத்துக் கொடுத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

3

அம்மா பெயர் மங்கலம். பால்வாடியில் ஆயா. மலை கனமாக இருக்கிறது, கூட யாராவது வரட்டும் என்று ப்ரீத்தி டீச்சர் சொன்னதால், அன்று லீவு போட்டாள். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாவட்ட அறிவியல் கண்காட்சி.

நீங்களே சொல்லுங்கள். ஆடி வெள்ளிக்கிழமை. விடிகாலையில் மனைப்பலகை மேல் கூம்பாக ஒரு மண்மேடு, உச்சியில் ஒரு ஓட்டை. எங்கள் பக்கத்துப் பொம்பளைகள் அதைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? மங்கலமும் அதைத்தான் செய்தாள். சுவேதா குளித்துவிட்டு வருவதற்குள் மலைக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஐயோ அம்மா! இது எரிமலைம்மா, புத்து இல்ல!”

“எதுவா இருந்தா இன்னாடி? போற காரியம் நல்லபடியா ஆவணுமில்ல.”

“எல்லாரும் சிரிப்பாங்கம்மா!”

சுவேதா ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அழுதாள். மேலே இருந்தது போயிற்று. ஓட்டைக்குள்ளும் அம்மா ஒரு சிட்டிகை போட்டிருந்தது அவளுக்குத் தெரியாது. இந்த அமர்க்களத்தில் கேசரிப் பவுடர் அலமாரியிலேயே தங்கிவிட்டது.

பஸ்ஸில் டிரைவர் பக்கத்து பானெட்டில் மலையை வைத்தார்கள். ஆலப்பாக்கத்தில் ஏறிய ஒரு அம்மாள் தலையிலிருந்த மல்லிகையைக் கிள்ளி அதன்மேல் வைத்துக் கும்பிட்டாள். டிரைவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். (அம்மாள் நிஜம். செருப்பு என் கைச்சரக்கு. பிடிக்காவிட்டால் திரும்ப மாட்டிவிடுங்கள்.)

4

சிதம்பரத்தில் போய்ப் பார்த்தால் ஏற்கெனவே நாலு எரிமலை வரிசையாக உட்கார்ந்திருந்தன. சுவேதாவுக்குப் பாதி உயிர் போயிற்று. பையில் கேசரிப் பவுடரைத் தேடியபோது மீதியும் போயிற்று.

வெள்ளை நுரைதான் வரப்போகிறது என்று நினைத்தபடியே சோடாவையும் ஷாம்பையும் தண்ணீரையும் பாட்டிலில் போட்டுவிட்டு உள்ளே எட்டிப்பார்த்தாள். உள்ளே கலவை காவிச் சிவப்பாக இருந்தது! எப்படி என்று யோசிக்க நேரமில்லை. நடுவர் தட்சிணாமூர்த்தி, காலேஜில் வேதியியல் வாத்தியார், எதிரே வந்து நின்றுவிட்டார். எலுமிச்சைச் சாற்றை ஊற்றினாள்.

புசுபுசுவென்று பொங்கி வழிந்தது. மஞ்சளாக.

“ஏய், சாம்பார் மலைடி!” என்று யாரோ கத்த, கூடமே சிரித்தது. சுவேதா திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

“உள்ளயும் ஒரு சிட்டிக போட்டேன்டி,” என்றாள் மங்கலம் மெல்ல. “நல்லதுக்குன்னுதான்…”

“உன்ன யாரு வரச்சொன்னது?”

(இந்த வரியை எடுத்துவிடலாம் என்று ரொம்ப நாள் பார்த்தேன். எடுத்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.)

நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பாட்டிலின் கழுத்தில் ஒட்டியிருந்த சிவப்பை விரலால் தொட்டார். வழிந்த மஞ்சளையும் தொட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

“மஞ்சத்தூளா? சோடா பட்டா செவக்கும், புளிப்பு பட்டா திரும்ப மஞ்சளாவும். மத்தவங்க எல்லாம் கலர்ப்பொடி போட்டிருக்காங்க. நீ ஒரு சோதனையையே உள்ள வெச்சிருக்கியேம்மா! யாரோட ஐடியா?”

5

இங்கே சுவேதா சொன்ன பதிலைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) “எங்க அம்மாவோடது சார்.” நடுவர் மங்கலத்தைக் கும்பிடுகிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஒன்பது தடவை எழுதினேன். நடக்கவில்லையே, என்ன செய்ய?

(ஆ) சுவேதா பேசாமல் நிற்கிறாள். இது கோழைத்தனம். அவளுடையது இல்லை, எழுதுகிறவளுடையது.

நடந்தது இது:

“என்னோடது சார்.”

நடுவர், ஒரு எட்டு பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நின்ற மங்கலத்தைப் பார்த்தார். “அப்படியாம்மா?”

“ஆமாங்க சார்,” என்றாள் மங்கலம். “அவளே யோசிச்சுத்தான் போட்டா. எனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?”

முதல் பரிசு. மேடையில் சுவேதாவுக்குக் காது இரண்டும் சுட்டது. கீழே எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது அம்மாதான்.

6

அதற்குப் பிறகு பால்வாடியில், ரேஷன் வரிசையில், கல்யாண வீடுகளில் மங்கலம் அந்தக் கதையைச் சொன்னாள். “எம் பொண்ணு மஞ்சள உள்ள போட்டா பாரு, அந்த வாத்தியாரே அசந்துட்டாரு.” சுவேதா பக்கத்தில் நின்று கேட்பாள். வாயைத் திறக்க மாட்டாள். ஒவ்வொரு தடவையும் வெட்கமாக இருக்கும். தடவைக்குத் தடவை உண்மையைச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. அதனால்தான் கடைசியில் எழு… (விடுங்கள்.)

7

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் இதுவரைக்கும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பஸ் கட்டம் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். ஐந்தாவது பகுதி முடிந்ததும் கை நின்றது.

“தப்பா எழுதியிருக்கடி.”

“எதும்மா?”

“உள்ள மஞ்ச போட்டது நீதான? நான் மேலதான் தடவுனேன்.”

“அம்மா, நீதாம்மா போட்ட. நீயே சொன்ன, சிட்டிக…”

“ஊருக்கே தெரியும், நீ போட்டன்னு. எதுக்கு எம் பேர இழுக்குற? மாத்தி எழுது.”

கோபம் நிஜமான கோபம். சொல்லிச் சொல்லி அவளுக்கே அப்படித்தான் நினைவு தங்கிவிட்டதா, இல்லை, இன்னும் அந்த நடுவர் எதிரிலேயே நின்றுகொண்டிருக்கிறாளா? முகத்தை உற்றுப் பார்த்தேன். அவள் முளைக்கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டிருந்தாள். பெற்ற தாயின் முகம், எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஆகவே இரண்டு வரியையும் இங்கே விட்டுவைக்கிறேன்.

[மஞ்சளைப் போட்டவள் மங்கலம்.]

[மஞ்சளைப் போட்டவள் சுவேதா.]

முதல் வரியை வைத்தால் என் அம்மாவை ஊரார் முன்னால் பொய்க்காரி ஆக்குகிறேன். இரண்டாவதை வைத்தால் இன்னொரு தடவை திருடுகிறேன். பேனா உங்களிடம் இருக்கிறது, ஒன்றை அடித்துவிடுங்கள். அம்மாவைக் கேட்காமல் அடிக்க எனக்குக் கை வரவில்லை. கேட்டால், அவள் தன் பெயரைத்தான் அடிக்கச் சொல்வாள்.