விரல் பட்ட சாம்பிள்

சரக்கைச் சோதிக்கும் மிஸ் ஓப்பல் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். துப்பாக்கி பாடிகள் எல்லாம் வலது பக்கம் மேலே தெரியும்படி வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. குறை எப்போதும் வலது பக்கத்தில்தான்.

"புகைப்பா, வெண்டல். மறுபடியும் புகை."

"எங்க?"

"எங்கன்னு கேக்காத. உனக்கே தெரியும்."

தெரியும். விசைக்குப் பின்னால், கட்டைவிரல் போய் உட்காரும் இடத்தில். உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடி அங்கேதான் மறுபடி ஒன்று சேரும். சேரும்போது சில சமயம் வெளிறிய சுழல் ஒன்று விழுந்துவிடும், கலக்காத காப்பியில் பால் நிற்பதுபோல. அதைத்தான் நாங்கள் புகை என்போம். அதனால் துப்பாக்கி வெடிக்காமல் போகாது, உடையாது, குறி தவறாது. ஆனால் வாங்குகிறவன் கடை விளக்கில் பிடித்துப் பார்ப்பான். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, 'இது விரிசலா?' என்று ஊருக்கெல்லாம் போடுவான். அதைத் தொட்டே பார்க்காத நூறு பேர் ஆமாம் என்பார்கள். துப்பாக்கி பெட்டியோடு திரும்பி வரும்.

ரிஜெக்ட் ஆனதைக் குப்பையில் போட முடியாது. இந்த நாட்டுச் சட்டத்துக்குக் குழாய் துப்பாக்கி இல்லை, மேலே நகரும் இரும்பும் துப்பாக்கி இல்லை; அந்த பிளாஸ்டிக் பாடிதான் துப்பாக்கி. அதற்குள் பதித்த சின்ன எஃகுத் தகட்டில்தான் நம்பர் இருக்கிறது. ஆகவே ரம்பத்தில் கொடுத்து, தகட்டோடு சேர்த்து அறுக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. செய்தவனே அறுக்க வேண்டும். இன்னொருவன் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆளுக்கு வெட்கம் வரட்டும் என்று முதல் மேனேஜர் கொண்டுவந்தது. வெட்கம் யாருக்கும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அன்றும் சாட்சிக்கு வந்தவன் டூவிட். ராத்திரியில் நான் ஓட்டும் மெஷினைப் பகலில் ஓட்டுகிறவன்.

"என்ன வெண்டல், இன்னிக்கும் விறகு வெட்டா?"

"வாயை மூடிட்டுக் கையெழுத்துப் போடு."

"என் மாமியார் இப்படித்தான். ராத்திரி முழுக்க ஸ்வெட்டர் பின்னுவா, காலையில பிரிப்பா. கேட்டா, மனசுக்கு நல்லதும்பா."

ரம்பம் பாடியைக் கடித்தது. கருகிய நைலான் நாற்றம் சட்டையில் ஏறியது.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் டானெட் காத்திருந்தாள். என் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் காலை வேலை, முதியோர் இல்லத்தில் மாலை வேலை. எங்களிடம் இருப்பது ஒரே வண்டி. அவள் அதை இங்கே ஓட்டி வருவாள். நான் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். அவள் வீட்டுக்கு வரும்போது நான் தூக்கத்தில் இருப்பேன், நான் எழும்போது அவள் கிளம்பியிருப்பாள். எங்கள் குடும்ப வாழ்க்கை என்பது தொழிற்சாலை வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும்தான். நடுவில் இரண்டு சிக்னல். சிவப்பு விழுந்தால் சந்தோஷப்படுவோம்.

"நாத்தம்," என்றாள் மூக்கைச் சுளித்து. "மறுபடியும் அறுத்தியா?"

"ம்."

"கே நேத்து போன் பண்ணா." கே அவள் அக்கா, தூரத்தில் பென்சகோலா என்ற ஊரில் இருக்கிறாள். "அங்க ஆஸ்பத்திரி கேன்டீன்ல ஆள் எடுக்கறாங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"செப்டம்பர்ல வர்ற தொழிலாளர் தினம் வரைக்கும் பாக்கறேன்னு சொன்னேன். அதுக்குள்ள உனக்குப் பகல் கிடைச்சா இங்க. இல்லேன்னா நான் அங்க. கோவமா சொல்லல, வெண்டல். இப்படித் தனியா இருக்கறதுக்கு நான் நிஜமாவே தனியா இருந்துக்கறேன்."

பகலில் ஒரு இடம் காலியாகியிருந்தது. மேற்பார்வையாளர் பியூரிஃபாய் என்னிடம் நேராகவே சொல்லியிருந்தார்: இந்த மாதம் உன் தட்டு சுத்தமாக இருந்தால் இடம் உனக்கு. இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு.

நான் செய்யாதது இல்லை. ஆகஸ்டு மாத அலபாமாக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், உருக்கப் போகும் நைலான் மணிகள் அதைக் குடித்துவிடும் என்று கூடுதலாக உலர்த்தினேன். மோல்டின் சூட்டை ஏற்றினேன்; புகை குறைந்தது, கைப்பிடியில் குழி விழுந்தது. குழிக்காக அழுத்தத்தைக் கூட்டினேன். ஓரத்தில் பிசிறு வந்தது. பிசிறுக்காக வேகத்தைக் குறைத்தேன். புகை பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. தொழிற்கல்லூரியை நான் பாதியில் விட்டவன். பிளாஸ்டிக் பாடம் நடந்த வகுப்பில்தான் அதிகம் தூங்கினேன். அதற்கு அது என்னைப் பழி வாங்குகிறது என்றுகூட நினைத்தேன்.

மாதக் கடைசி வாரம். ஷிப்டு மாறும் நேரம். மிஸ் ஓப்பல் இன்னும் வரவில்லை. அவர் மேஜையில் டூவிட் சாய்ந்து நின்று தொத்திறைச்சி வைத்த, பன் மாதிரியான பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அந்த மேஜையில் ஒரு பாடியைச் சங்கிலி போட்டு மாட்டியிருப்பார்கள். 'கடைசி பாஸ்' என்று பெயர். இந்த அளவு புகை வரைக்கும் ஏற்கலாம், இதைவிடக் கொஞ்சம் அதிகமானாலும் கூடாது என்பதற்கான சாம்பிள். வருகிற பாடியை எல்லாம் அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

டூவிட் பேசிக்கொண்டே அதை எடுத்து, வழக்கம்போல் கட்டைவிரலால் தடவினான்.

"சாம்பிளை ஏன்டா வெறுங்கையால தொடற?"

"எல்லாரும் அப்படித்தான தொடறோம்? கையுறை சரக்குக்கு. இது சரக்கா? விக்கவா போறோம்?"

நானும் அப்படித்தான் தொட்டிருக்கிறேன். கையுறையைக் கழற்றிவிட்டு, நகத்தால் கீறிப் பார்ப்பதற்காக. மிஸ் ஓப்பலும், பியூரிஃபாயும், தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களும். வருஷக்கணக்கில்.

நான் டூவிட்டின் கையைப் பிடித்து அவன் கட்டைவிரலை என் பாடி ஒன்றின் மேல் தேய்த்தேன்.

"ஏய், பைத்தியமா உனக்கு?"

விரல் எண்ணெய் பட்டதும் புகை போய்விட்டது. கறுப்பு, பளபளப்பான கறுப்பு, சங்கிலியில் தொங்கியதைப் போலவே. இருவரும் குனிந்து பார்த்தோம். டூவிட் மெதுவாகச் சிரித்தான்.

"அடப்பாவி. கண்டுபிடிச்சிட்டியே. எல்லாத்தையும் தடவி அனுப்பு. மாசம் முடியட்டும்."

"எண்ணெய் காஞ்சா?"

"காயும்போது அது டெக்சஸ்ல எவனோ ஒருத்தன் மேஜை மேல கிடக்கும். நீ பகல்ல இருப்ப. டானெட் இங்க இருப்பா."

யோசிக்காமல் இல்லை. கையில் துணிகூட எடுத்தேன். என்னைத் தடுத்தது நேர்மை என்று சொன்னால் அது பொய். அந்தச் சாம்பிளோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு என்னை அறுக்க வைத்தார்கள். அது பொய் சொல்கிறது என்று எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும் என்ற வெறிதான். இன்னொன்று, காட்டிவிட்டால் என் தட்டுகளெல்லாம் பாஸ் ஆகிவிடும் என்றும் நம்பினேன். முட்டாள்.

மிஸ் ஓப்பல் வந்ததும் சொன்னேன். அவர் ஆல்கஹாலில் நனைத்த துணியால் சாம்பிளைத் துடைத்தார். துணி பழுப்பானது. ஈரம் காயக் காய, விசைக்குப் பின்னால் புகை எழுந்து வந்தது. நான் அறுத்த எதிலும் அவ்வளவு மோசமான புகை இருந்ததில்லை.

"கடவுளே," என்றார் மிஸ் ஓப்பல். தன் கையை முகர்ந்து பார்த்தார். "தினமும் லோஷன் போட்டுட்டுதான் வரேன்."

"நான் தொத்திறைச்சி," என்றான் டூவிட்.

"நீ பேசாத."

பியூரிஃபாய் வந்தார். பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார். "பொய் சாம்பிள் ஒரு நிமிஷம்கூட இங்க இருக்கக் கூடாது. அறுத்துடுங்க. யார் செஞ்சது இது?"

மிஸ் ஓப்பல் நம்பரைக் கணினியில் தட்டிப் பார்த்தார். "நீங்கதான் சார். நீங்க ராத்திரி ஷிப்டுல இருந்தப்ப."

டூவிட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பியூரிஃபாய் டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, "வெண்டல், நீ சாட்சிக்கு வா," என்றார்.

ரம்பத்தின் சுவிட்சைப் போட்டார். சத்தத்துக்கு மேல் நான் கத்தினேன்.

"சார், அப்போ என் தட்டெல்லாம் பாஸ்தான?"

"புது சாம்பிள் தலைமை ஆபீஸ்ல ஒப்புதலாகி வர்ற வரைக்கும் எதுவும் பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. எல்லாத்தையும் நிறுத்தி வைக்கணும். கிடங்குல இருக்கறதையும் மறுபடி பாக்கணும்."

"பகல் இடம்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். உன் கண்ணு மாதிரி இங்க யாருக்கும் கிடையாது. நைட்டுக்குன்னே ஒரு இன்ஸ்பெக்டர் போடலாம்னு ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கேன். நீதான் அது."

"நைட் வேணாம்னுதானே சார் நான் கேட்டேன்."

"பதவி உயர்வுப்பா இது. எவனாவது வேணாம்பானா? உன்னைப் பகலுக்கு மாத்திட்டா ராத்திரியில புகையை யார் பாப்பாங்க?"

கடிகாரத்தைப் பார்த்தேன். டானெட் வந்து ரொம்ப நேரம் ஆகியிருக்கும். முதல் சிக்னலைத் தாண்டியிருக்க வேண்டிய நேரம். நான் கையுறையைக் கழற்றினேன். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். இரண்டையும் மேஜையில் வைத்தேன்.

"சாட்சிக்கு வேற ஆளைப் பாருங்க, சார். நைட்டுக்கும்."

"என்ன சொல்ற நீ?"

"நான் போறேன். திரும்பி வரமாட்டேன்."

"டேய், நான் இதைக் கையில பிடிச்சுக்கிட்டே நிக்கறதா? சாட்சி இல்லாம அறுக்கவும் முடியாது, கீழ வைக்கவும் முடியாது!"

"டூவிட்டைக் கூப்பிடுங்க. பிஸ்கட் தின்னு முடிச்சிருப்பான்."

வண்டி உறுமிக்கொண்டு நின்றது. டானெட் ஓட்டுநர் இருக்கையிலிருந்து நகரவில்லை. நான் பக்கத்தில் ஏறினேன்.

"இன்னும் ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிருப்பேன்," என்றாள். "கிடைச்சுதா?"

"வேலையை விட்டுட்டேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "பகல் கேக்கச் சொன்னேன். விடச் சொல்லல."

"பகல் இல்லையாம்."

"நம்ம ரெண்டு பேர் மருத்துவ இன்சூரன்ஸும் உன் வேலையிலதான் இருக்கு. என் பல்லு வைத்தியம் வேற பாதியில நிக்குது."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் விட்டியா?"

நான் பெல்ட்டை மாட்டினேன். வண்டியை எடுத்தாள். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. இரண்டு பேருமே சந்தோஷப்படவில்லை.

"பென்சகோலாவுல," என்றாள், "ஒரு ஆளுக்குத்தான் கே இடம் பாத்து வெச்சிருக்கா. அவ வீட்டு சோபா சின்னது."

"தரையில படுத்துக்கறேன்."

"ராத்திரியிலதான?"

"ராத்திரியிலதான்."

பச்சை விழுந்தது. ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள், முகம் இளகாமல். காலை வெயில் டேஷ்போர்டில் சாய்வாக விழுந்தது. காற்று வரும் துளைக்குக் கீழே, கறுப்பு பிளாஸ்டிக்கில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் புகை. இத்தனை வருஷமாக இந்த வண்டியில் உட்கார்ந்தும் பார்த்ததில்லை. நான் விரலை நீட்டினேன்.

"இங்க பாரு, டானெட்."

"அதைத் தொடாத," என்றாள். "இறங்கி இந்தப் பக்கம் வந்து ஓட்டு."

ஓரமாக நிறுத்தினாள். நான் இறங்கிச் சுற்றி வந்தேன்.