ரெக்கி வந்தவனுக்கு ஒரு சாயா

வீரலட்சுமிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அன்றைக்கு அந்த வாய் பதினெட்டுக் குடிசைக்கும் உலை வைத்துவிட்டது.

எழுபத்தேழு ஆடி மாதம். கொச்சி மட்டாஞ்சேரியில் குடிசைகள் நின்ற வாய்க்கால் கரை தன்னுடையது என்று ஒரு மிளகு முதலாளி மூன்று வருடமாகக் கூவிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் வந்து வாசல்களை எண்ணியபோது, ரேஷன் கார்டுக்கு என்று நினைத்து இவள் சாயா போட்டுக் கொடுத்தாள்.

"வெள்ளியாழ்ச்ச ஆளுண்டாவுமோ சேச்சி?"

"ஆடி வெள்ளி சாரே! பத்து மணிக்குப் பால்குடம் எடுத்துக் கோயிலுக்குப் போயிருவோம். ஈ காக்கா இருக்காது."

சாயங்காலம் இதைப் புருஷன் முத்துராமலிங்கம் கேட்டதும் தட்டைத் தள்ளி வைத்தான். பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, இப்போது கிடங்கில் மூட்டை தூக்குகிறவன்.

"அடியே, அது ரெக்கிடி! சண்டைக்கு முன்னால ரெண்டு பேரை அனுப்புவாங்க. சுடமாட்டான். எத்தனை பேரு, எப்ப அசருவான்னு பாத்துட்டுத் திரும்பிப் போய்ச் சொல்லணும், அதான் வேலை. பிரெஞ்சுக்காரன் நீட்டி முழக்கின வார்த்தை. எதிராளியை அடையாளம் கண்டுக்கிறதுன்னு அர்த்தம். வெள்ளைக்காரன் நறுக்கி ரெக்கின்னு ஆக்கிட்டான். சாமானைக் கட்டு, ஆலுவாவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிரலாம்."

"என் சாயாவைக் குடிச்சுட்டு என் கூரையைப் பிரிப்பானா? பாடையில போறவன்! நீ வேணும்னா போ. நான் நகரமாட்டேன்."

அன்றைக்கே வீடு வீடாக ஏறி இறங்கினாள். தப்பு என்னுடையது என்று ஒளிக்காமல் சொன்னாள். திட்டினார்கள், வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, எல்லோரும் கிளம்பிவிட்டது போலக் கேட்கட்டும் என்று, மேளக்காரர்கள் மட்டும் கோயில் பக்கம் கொட்டிக்கொண்டு போனார்கள். பத்து மணிக்கு லாரி வந்தது. கடப்பாரையோடு இறங்கிய தமிழ்க் கூலிக்காரர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சந்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை மஞ்சள் புடவைகள், தலையில் பால்குடங்கள்.

"தள்ளி விடுங்கடா!" என்றான் வெள்ளைச் சட்டை.

ஒரு கூலிக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஆத்தா குடத்துல கை வைக்க எங்களால ஆவாது சார்."

வீரலட்சுமி ஒரு கையால் குடத்தைப் பிடித்தபடி மறு கையில் கிளாஸை நீட்டினாள்.

"சாயா குடிங்க சாரே. குடிச்சிட்டு நல்லா எண்ணுங்க. இந்தத் தடவையாவது முதலாளிகிட்டச் சரியாப் போய்ச் சொல்லுங்க."

லாரி வந்த வழியே திரும்பிப் போனது. முத்துராமலிங்கம் வாசலில் கட்டி வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்தான்.