படிக்கிற நேரம்

குடத்துத் தண்ணீரை உயிர் போன அம்மாவின் மேல் ஊற்றிக்கொண்டிருந்த பச்சையம்மாவின் கையைப் பக்கத்து வீட்டு முத்தம்மாள் பிடித்து நிறுத்தினாள். குளிப்பாட்டப் புடவையை விலக்கியபோதுதான் தெரிந்தது. வலது கெண்டைக்காலில் முந்தானையைக் கிழித்து இறுகக் கட்டியிருந்தது. அதற்குக் கீழே கால் கருத்து வீங்கியிருந்தது. கணுக்காலுக்கு மேல் இரண்டு பல் பதிந்த தடம். விரியன்தான் என்றாள் சுற்றி நின்றவர்களில் ஒருத்தி.

முத்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வெடிகாலைல தண்ணிக்குப் போறப்ப பாத்தேன்டி. மாட்டுக் கொட்டா ஓரமா குந்திக்கினு இருந்துச்சி. இன்னாக்கா, இப்படி வேர்த்துக் கொட்டுதேன்னேன். முள்ளு குத்திட்ச்சி, சத்தம் போடாதே, உள்ளே பொண்ணு படிக்குது, ஏழு ஆவட்டும்னுச்சி."

அப்பா பூவராகவன் தண்ணீர் முறைக்காக வயலுக்குப் போயிருந்தார். ஏழு மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் பச்சையம்மா வெளியே வந்தபோது அம்மாவுக்கு நாக்குக் குழறியது. வண்டி கட்டிப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ஆரணியாற்றைத் தாண்டுவதற்குள் அம்மா மணியம்மாள் போய்விட்டாள்.

எல்லாம் போன மாதத்துப் பள்ளிக்கூடக் கூட்டத்தில் தொடங்கியது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரை வரவழைத்து, குப்புராஜ் வாத்தியார் சட்டம் போட்டார். வீட்டில் தினமும் ஆறு மணி நேரம் படிக்க வேண்டும், காலை நாலிலிருந்து ஏழு, மாலை ஆறிலிருந்து ஒன்பது. அந்த நேரத்தில் என்ன தலைபோகிற காரியம் என்றாலும் பிள்ளையைக் கூப்பிடக் கூடாது. மாட்டுக்கு ஒரு பிடி வைக்கோல் போட்டு அறியாத மனிதருக்கு மற்றவர்களின் நாளைப் பங்கு போடுவதில் என்ன கஷ்டம்? எழுத்து வாசனை அறியாத மணியம்மாள் எழுந்து, பெண் படிக்கிறாளா தூங்குகிறாளா என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள், காதில் விழுந்தால் படிக்கிறாள் என்று அர்த்தம் என்றார் வாத்தியார்.

அன்றிலிருந்து அம்மா காதால் படிப்பை அளந்தாள். குரல் கொஞ்சம் தாழ்ந்தாலும் வாசலிலிருந்து செருமுவாள்.

மதியம் குப்புராஜ் வாத்தியார் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டுக் கூடியிருந்தவர்களிடம், இந்த வட்டாரத்திலேயே தான் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்ட தாய் இவர் ஒருவர்தான் என்றார். பெருமையாகத்தான் சொன்னார். பச்சையம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"சார், இன்னிக்குப் பாடம் அரை மணியில முடிஞ்சிட்ச்சி. மீதி நேரமெல்லாம் அதே பக்கத்தத்தான் திருப்பித் திருப்பிக் கத்திக்கினு இருந்தேன். சத்தம் நின்னா நான் தூங்கிட்டேன்னு எங்கம்மா நெனைக்கும். அதுக்கோசரம் கத்தினேன். அது அங்க குந்திக்கினு அதக் கேட்டுக்கினு இருந்துக்குது சார்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"பரீட்சைக்கு நாற்பது நாள்தான் இருக்கும்மா. அவங்க ஆசைப்பட்டதுக்காகவாவது நேரத்தை விட்டுடாதே."

அப்பா தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை அவளால் தாங்க முடியவில்லை. வாத்தியார் மேல், அப்பா மேல், கடைசியில் அம்மா மேலும் ஆத்திரம் பொங்கியது. ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? இரண்டெட்டில் ஓடி வந்திருப்பாளே!

நாலு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, வாசலில் கட்டிக்கொண்டு அழுதார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய அப்பா ஈரவேட்டியோடு பொழுதைப் பார்த்தார். உள்ளே போய் அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக்கொண்டு வந்து மகளின் முன்னால் வைத்தார். புத்தகத்தையும் எடுத்து வைத்தார். வெளியே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

மணி ஆறாகிவிட்டது என்று வாசலில் யாரோ கிசுகிசுத்தார்கள். ஒப்பாரி ஒவ்வொரு குரலாக அடங்கியது. பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு ஓசையில்லாமல் எழுந்தார்கள். முத்தம்மாளின் இடுப்பிலிருந்த குழந்தை பசிக்குச் சிணுங்கியது. அவள் அதன் வாயைப் பொத்தி, தெருக்கோடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.