பொறியில் செத்த எலி

எலி மருந்தைப் பற்றிப் பேச்செடுத்தால், ஊரில் எலி ஒழிப்பதையே தொழிலாக வைத்திருந்த எலிக்காரருக்கு வாய் ஓயாது. மாவு மில் காவலாளியையே நிற்க வைத்து வகுப்பெடுப்பார்.

"எலி லேசுப்பட்டது இல்ல. எதையாவது தின்னதும் வயிறு வலிச்சா, அப்புறம் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காது. அதனால இந்த மருந்து மெதுவாத்தான் வேலை செய்யும். தின்னுட்டு நாலஞ்சு நாள் நல்லாவே திரியும். உள்ள ரத்தம் உறையிற சக்தி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே இருக்கும். எதனால சாகறோம்னு எலிக்கே தெரியாது!"

மில் பரணில் ஒரு கூகை ஜோடி மூன்று குஞ்சுகளோடு குடியிருந்தது. ஒரு நாள் காலை பெண் கூகை மாவு மூட்டைகளுக்கு நடுவே செத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. "கத்துற சனியன் ஒழிஞ்சுது, தூக்கிப் போடுங்க" என்றார் மேனேஜர். எலிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. அவருடைய மருந்துப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. எலி நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. நம் மேல் பழி வந்துவிடக் கூடாதே என்றுதான் பறவையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பறவை டாக்டரிடம் போனார்.

டாக்டர் அவருடைய தங்கை வயதுப் பெண். கூகையின் வயிற்றைத் திறந்ததும் உள்ளே குளம் போல ரத்தம். எவ்வளவு நேரம் வைத்திருந்தும் அது உறையவில்லை.

"என் பெட்டிக்குள்ள இதோட தலை நுழையவே நுழையாது, டாக்டரம்மா."

"அது ஏன் நுழையணும்? மருந்து தின்ன எலி கடைசி நாள்ல எப்படி இருக்கும்?"

"சொக்கிப்போய் வெட்டவெளில நிக்கும். ஓடாது."

"கூகைக்கு அதைவிட லட்டு மாதிரி சாப்பாடு எங்க கிடைக்கும்? நீங்கதான் மருந்தை எலிக்குள்ள பொதிஞ்சு பரிமாறிட்டீங்களே, அண்ணா."

எலிக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனால் எழுந்து போய்விடவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு, "சரி, இப்ப என்ன பண்ணலாம், சொல்லுங்க" என்றார்.

அன்றே இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மருந்துப் பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு மில் சுவர் ஓட்டைகளைக் கம்பி வலையால் அடைப்பதும், சுவரோரமாக அடிக்கும் பொறி வைப்பதும் அவர் பொறுப்பு. ஆண் கூகையும் சாக்கடையோரம் செத்துக் கிடந்ததால், குஞ்சுகளை வளர்ப்பது டாக்டர் பொறுப்பு. வந்த அன்றைக்கே டாக்டர் மூன்றின் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தார். ஒழுங்காக உறைந்தது. விஷம் இன்னும் ஏறவில்லை.

"தப்பிச்சதுங்க!" என்று எலிக்காரர் சின்னப் பையன் போலக் கை தட்டினார்.

குஞ்சுகளுக்கு வெறும் கறி போதாது. எலும்பும் ரோமமுமாக முழு எலி வேண்டும். "எலிக்கா பஞ்சம்? எங்கிட்ட கேக்கறீங்களே!" என்று பொறியில் விழுந்ததையெல்லாம் அவரே பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்பார்: "பொறியில செத்ததுதானே?"

"சுத்தமா பொறியில செத்தது. கழுத்தைப் பாருங்க."

கழுத்து முறிந்துதான் இருக்கும். குஞ்சுகள் ஆளுக்கு ஒன்றாக விழுங்கும். அதை அவர் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

அடுத்த வாரமே பெரிய குஞ்சின் சிறகில் முளைத்துவந்த இறகுகளின் அடியில் ரத்தம் கசிந்தது. அன்று மாலையே அது செத்தது. மறுநாள் இரண்டாவதும் போயிற்று. டாக்டர் எலிக்காரரை வரச்சொல்லி, குளிர்பெட்டியில் மிச்சமிருந்த எலி ஒன்றை அவர் கண் முன்னாலேயே அறுத்தார்.

குடலில் நீலச் சாயம்.

மருந்தைத் தின்பண்டம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் சேர்க்கும் நிறம் அது. எலிக்காரர் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டார். பெட்டிகளை எடுத்தாயிற்றே, இது எங்கிருந்து வந்தது என்று கேட்க வாயைத் திறந்தார், கேட்கவில்லை. பதில் அவருக்கே தெரியும். எலி மருந்துக் கட்டியை இருந்த இடத்திலேயே தின்று தீர்ப்பதில்லை. வளைக்குள் இழுத்துப் போய்ச் சேர்த்து வைக்கும். பெட்டி போனாலும் வளைக்குள் சரக்கு இருக்கும். சேர்த்து வைக்காத எலியின் ஈரலில்கூட மருந்து மாதக் கணக்கில் தங்கும். பொறி கழுத்தைத்தான் முறிக்கிறது. வயிற்றில் இருப்பதை அது என்ன செய்யும்?

"எப்படிச் செத்துச்சுன்னுதான் தினமும் கேட்டேன்," என்றார் டாக்டர். "என்ன தின்னுச்சுன்னு ஒரு நாள்கூடக் கேக்கல."

"நீங்க கேக்கலைன்னா என்ன, நான் சொல்லியிருக்கணும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியாததை நீங்க பாத்துப்பீங்கன்னு நான் நெனச்சேன்."

கூண்டில் கடைசிக் குஞ்சு பசியில் சீறியது.

"கோழிப்பண்ணையில சொல்லியிருக்கேன், நாளைக்குச் செத்த கோழிக்குஞ்சு வந்துடும்," என்றார் டாக்டர். " அதுவரைக்கும் மருந்தே படாத எலி ஒண்ணு எங்கயாவது கிடைக்குமா?"

எலிக்காரர் யோசித்தார். பேக்கரி, சினிமா தியேட்டர், விடுதி, சரக்குக் கிட்டங்கித் தெரு முழுக்க அவர் மருந்து வைத்த இடம்தான். கடைசியில் அக்காவுக்கு போன் போட்டார்.

"அக்கா, உன் வீட்ல எலி இருக்கா?"

"இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதாடா? ஊர்ல உள்ள எலியெல்லாம் உனக்குச் சொந்தம், அக்கா வீட்டு எலி மட்டும் தூரத்து உறவா? சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சுதே தவிர..."

"இருக்கா, இல்லையா?"

"இருந்துச்சு. உன்னை நம்பிப் பிரயோஜனம் இல்லைன்னு நானே கடையில நீலக் கட்டி வாங்கி அலமாரிக்கு அடியில போட்டேன். சும்மா சொல்லக்கூடாதுடா, நல்ல மருந்து."

போனை வைத்துவிட்டு டாக்டரைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தார்.

டாக்டர் வைட்டமின் கே ஊசியை எடுத்தார். ரத்தம் மறுபடி உறைவதற்கு வேண்டியதை ஈரல் தயாரிக்க அது உதவும். ஆனால் அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். அதுவரை ஊசி குத்தும் துளையே ஆபத்து. மிக மெல்லிய ஊசியாகப் பார்த்து, தோலுக்கடியில் ஏற்றிவிட்டு வெளியே எடுத்தார்.

"அழுத்திப் பிடிங்க, அண்ணா. நசுக்கிடாதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"ரத்தம் நிக்கிற வரைக்கும்."

ஒரு கைக்குள் அடங்கும் உடம்பு. எலிக்காரர் பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அடியில் இதயம் படபடவென்று அடித்தது. டாக்டர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, நின்றிருக்கும் என்று எலிக்காரர் விரலை எடுத்தார்.

பஞ்சு சிவப்பாக இருந்தது. டாக்டர் புதுப் பஞ்சை நீட்டினார். எலிக்காரர் அதை வாங்கி வைத்து, மறுபடி அழுத்தினார்.